குசினிக்கு முன்னால் கழிவுக்குழாய்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் 1950களில் கட்டிய சின்ன வீடு, கேட்கிற விலை 8 லட்சம் டொலர். கார்பெட்டில் சிகரெட் மணம், குசினி நாற்பது வருடப் பழசு. இருந்த முதியவர் இறந்துவிட, பிள்ளைகள் விற்கிறார்கள். அதைவிடக் குறைந்த காசுக்குப் புதிய கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, ஒன்றே வாங்கலாம் என்று உங்கள் மனைவி சொல்கிறார். பழசை வாங்கித் திருத்தி இருப்பது புத்தியா, தலையிடியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும்தான். நாங்கள் 2012 இலையுதிர் காலத்தில் வாங்கியதும் அப்படியொரு வீடு. 1957இல் கட்டியது, 372,000 டொலர். ஊரில் பங்களா என்றால் தூண் வைத்த பெரிய வீடு. இங்கே மாடி இல்லாத சின்னச் செங்கல் வீட்டுக்குத்தான் அந்தப் பெயர். என் கணவர் தன் தாயாரிடம் தொலைபேசியில் "பங்களா வாங்கியிருக்கிறம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, படம் அனுப்பாமல் ஒரு மாதம் இழுத்தடித்தார்.

அந்த வீட்டில் நாங்கள் விட்ட முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். சாவி கைக்கு வந்ததும் முதலில் குசினியைத்தான் உடைத்தோம். பழைய அலுமாரிகளில் எண்ணெய்ப் பிசுக்கு, எனக்குப் பார்க்கவே முடியவில்லை. புதிய அலுமாரி, புதிய கல், புதிய அடுப்பு எல்லாம் சேர்ந்து 14,000 டொலர். கார்பெட்டை மூலையில் கிழித்து இழுத்தால் கீழே ஓக் மரத் தரை, ஐம்பது வருடம் வெளிச்சம் படாமல் பளபளவென்று கிடந்தது. அதைத் தேய்த்து மெருகு போட்டோம். சுவருக்குப் பெயின்ட் நாங்களே அடித்தோம். நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்டிலும் மரம்போல் இருக்கிற புதிய தரை போட்டோம். பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டோம்.

நாற்பது பேர் ஒரே நாளில் ஒரு கழிவறையைப் பாவித்தால் என்ன நடக்கும் என்று அன்று பின்னேரம் தெரிந்தது. பேஸ்மென்ட் தரையில் ஒரு வடிகால் ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளால் எல்லாம் மேலே வந்தது. எல்லாம் என்றால் எல்லாம்தான். சாப்பாட்டு நேரம் என்பதால் இதற்கு மேல் விவரிக்கவில்லை. பேஸ்மென்ட் தரை மூன்று கிழமைகூடப் பழசாகவில்லை, அள்ளி வீதியோரம் வைத்தோம்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் கிரேக்க முதியவர் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தார். தங்கள் வீட்டுக் குழாயை அவர் பத்து வருடத்துக்கு முன்னமே தோண்டி மாற்றிவிட்டாராம். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே காலத்தில் போட்ட சுட்ட களிமண் குழாய். துண்டு துண்டாகப் பொருத்தியது, பொருத்துகளுக்குள்ளால் மேப்பிள் மர வேர் நுழைந்து உள்ளே தும்புக்கட்டை மாதிரி அடைத்துவிடும். "உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்" என்றார். அவரிடம் கேட்கலாம் என்று வாங்குவதற்கு முன் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் காணி எல்லைக்கு வெளியே உள்ள குழாய் மாநகராட்சியின் பொறுப்பு, உள்ளே உள்ளது எங்களுடையது. வேர் இருந்தது உள்ளே. தோண்டி மாற்ற 11,000 டொலர் போனது. வாங்குவதற்கு முன் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய்க்குள் கமரா விட்டுப் பார்த்திருந்தால் சில நூறு டொலரோடு விஷயம் தெரிந்திருக்கும். அந்த 11,000ஐ விலையிலேயே குறைத்துக் கேட்டிருக்கலாம்.

ஆகவே தம்பி, உங்கள் மனைவிக்கு அருவருப்பாக இருக்கிற சிகரெட் மணமும் மஞ்சள் சுவரும் பழைய குசினியும் உங்களுக்குச் சாதகம். அவற்றைப் பார்த்துத்தான் மற்ற ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். கண்ணுக்கு அசிங்கமாக இருப்பதை மாற்றுவது மலிவு. பயப்பட வேண்டியது பார்வைக்குப் படாத நான்கு இடங்களுக்கு: கழிவுக்குழாய், அத்திவாரத்தின் ஈரம், மின்சாரம், கூரை.

ஈரத்தை மூக்குக் கண்டுபிடிக்கும். மழை பெய்த அடுத்த நாள் வீட்டைப் பார்க்கப் போங்கள். பேஸ்மென்டில் மணக்குச்சி கொளுத்தியிருந்தாலோ ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலோ ஏன் என்று கேளுங்கள். சுவரின் அடிப்பக்கம் மட்டும் புதிய பெயின்ட் என்றால் இரண்டு தரம் கேளுங்கள். வெளியே போய் மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரோரமே கொட்டுகிறதா என்றும் பாருங்கள். அது மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு தீர்த்துவிடலாம்.

மின்சாரத்தில், அந்தக் காலத்து வீடுகள் சிலவற்றில் இன்னும் 60 ஆம்பியர் ஃபியூஸ் பெட்டி இருக்கும். வாங்கும்போது வீட்டுக் காப்புறுதி இல்லாமல் வங்கி காசு விடாது. காப்புறுதி நிறுவனமோ இந்தப் பெட்டியைக் கண்டால் பின்னடிக்கும், அல்லது இத்தனை நாளுக்குள் மாற்று என்று நிபந்தனை போடும். ஆகவே காப்புறுதிக்காரரிடம் முதலே கதைத்துவிடுங்கள். 1960களின் நடுவிலிருந்து 70களின் நடுவரை கட்டிய வீடுகள் என்றால் அலுமினியக் கம்பியா என்று பார்க்க வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தியது, அந்தக் கவலை குறைவு; ஆனால் பின்னாளில் யாராவது அறை கூட்டியிருந்தால் அந்தப் பகுதியைக் கவனியுங்கள்.

அஸ்பெஸ்டஸ் என்றதும் பதற வேண்டாம். பேஸ்மென்ட் கார்பெட்டுக்குக் கீழே 9 அங்குலச் சதுர ஓடுகள் இருந்தாலோ, கூரைக்கு அடியில் கூழாங்கல் மாதிரி மினுங்குகிற வெர்மிகுலைட் கொட்டியிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். தொடாமல் விட்டால் பெரும்பாலும் அது தன் பாட்டில் கிடக்கும். உடைக்கத் திட்டம் என்றால் முதலில் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். எங்கள் மைத்துனர் ஒருவர் சுத்தியலை எடுத்த பிறகுதான் கேட்டார்.

இனி காசு. 8 லட்சத்துக்கு ஆகக் குறைந்த முற்பணம் 55,000: முதல் 5 லட்சத்துக்கு 5 வீதம், மிச்சம் 3 லட்சத்துக்கு 10 வீதம். 20 வீதத்துக்குக் குறைவாக வைத்தால் கடன் காப்புறுதி கட்டாயம். உங்கள் 745,000 கடனுக்கு அது 4 வீதம், 29,800 டொலர். அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆனால் அந்தக் காப்புறுதிக்கு ஒன்ராறியோ மாகாணம் போடுகிற 8 வீத வரி, 2,384 டொலர், கையிலிருந்து கட்ட வேண்டும். இதைப் பலர் லோயர் அலுவலகத்தில்தான் முதல் தடவை கேள்விப்படுகிறார்கள்.

பிறகு காணி மாற்று வரி. ரொறன்ரோ எல்லைக்குள் இரண்டு தரம் கட்ட வேண்டும், மாகாணத்துக்கு ஒன்று, மாநகரத்துக்கு ஒன்று. 8 லட்சத்துக்கு ஒவ்வொன்றும் 12,475 டொலர். முதல் வீடு என்றால் மாகாணம் 4,000 வரையும் மாநகரம் 4,475 வரையும் விட்டுத்தரும். அப்போதும் 16,475 கட்ட வேண்டும். இதே வீடு ரொறன்ரோவுக்கு வெளியே அஜாக்ஸில் என்றால் மாநகர வரி இல்லை.

இங்கே ஒரு விஷயம், நம் ஆட்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வது. அந்தச் சலுகைக்கு "முதல் வீடு" என்றால் உலகத்தில் எங்குமே வீடு இருந்திருக்கக் கூடாது. உங்கள் மனைவிக்கு யாழ்ப்பாணத்தில் சீதன வீடு எழுதியிருக்கிறார்களா? கல்யாணமான பிறகு அது அவர் பெயரில் இருந்திருந்தால், உங்கள் பெயரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் உங்களுக்கும் சலுகை இல்லாமல் போகலாம். பங்கு மட்டும் இருந்தாலும் சிக்கல்தான். லோயரிடம் முதலே சொல்லுங்கள், மறைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்குக்கு விதி வேறு; வருடம் 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம், வரியும் குறையும். கணக்கைத் திறந்த பிறகுதான் காசு போடுவதற்கான அந்த வருட அளவு சேரத் தொடங்கும் என்பதால், வீடு வாங்க இரண்டு வருடம் ஆகும் என்றாலும் தகுதி இருந்தால் இந்தக் கிழமையே இருவரும் திறந்துவிடுங்கள்.

நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. வேலை அனுமதியில் இருக்கும்போது வாங்கியிருந்தால் வெளிநாட்டவருக்கான வரி மாகாணத்துக்கு 25 வீதம், 2025 ஜனவரியிலிருந்து ரொறன்ரோவுக்கு இன்னும் 10 வீதம் என்று முழுக் கணக்கும் மாறியிருக்கும்.

திருத்த வேலைக்குக் காசு எங்கே என்றால், சில வங்கிகள் திருத்தச் செலவையும் வீட்டுக் கடனோடு சேர்த்துத் தரும். வாங்குவதற்கு முன்பே வேலைக்கான விலைமதிப்பீட்டை எழுத்தில் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் காசு வேலை முடிந்து பார்வையிட்ட பிறகுதான் கைக்கு வரும், அதுவரை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். சீட்டு எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். முற்பணம், வரி, லோயர் எல்லாம் போக 40,000 டொலராவது வங்கியில் மிஞ்சாவிட்டால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள். இது என் சொந்த அளவு, எந்த வங்கியும் சொன்னதில்லை.

வேலை ஒழுங்கு இப்படி: முதல் தண்ணீர், வெளியே போகிறதும் உள்ளே வருகிறதும். பிறகு மின்சாரம், அதன் பிறகு சூடாக்கி. கூரை ஒழுகினால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். குசினி கடைசி. பழைய குசினியில் இரண்டு வருடம் சமைத்தால் ஒருவரும் செத்துப்போவதில்லை, அந்த இரண்டு வருடத்தில் உங்களுக்கு எங்கே என்ன வேண்டும் என்றும் தெரிந்துவிடும். நான் அவசரத்தில் வைத்த அடுப்பு யன்னலுக்கு எதிர்ப்பக்கம். மீன் பொரித்தால் இன்றைக்கும் வீடு முழுக்க மணம்.

வேலைக்காரர் விஷயத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். ஊர்க்காரர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர்; பில் இல்லாமல் காசாகக் கொடுத்தால் 13 வீத வரி மிச்சம் என்றார். குளியலறையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு மாதம் தொலைபேசி எடுக்கவில்லை. கையில் ஒரு துண்டுக் கடுதாசி இல்லாததால் எங்கேயும் முறையிட முடியவில்லை, குளிர்காலம் முழுக்க நால்வரும் பேஸ்மென்டில் குளித்தோம். எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். நீங்கள் ஒப்புக்கொண்டு புதிதாக வேலை கூட்டினால் ஒழிய, அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க ஒன்ராறியோச் சட்டம் விடாது. காசை வேலை நடக்க நடக்கத் துண்டு துண்டாகக் கொடுங்கள். மின்சார வேலைக்கு உரிமம் உள்ளவரைத்தான் பிடிக்க வேண்டும், உரிம இலக்கம் அவருடைய வான் வண்டியிலேயே எழுதியிருக்கும். பெயின்ட், கார்பெட் கிழிப்பது, தோட்டம் இதெல்லாம் நீங்களே செய்யுங்கள்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டலாம் என்பதுதான் உங்கள் திட்டத்தின் முதுகெலும்பு என்று விளங்குகிறது. பாதி ஸ்காபரோ அப்படித்தான் வீட்டுக் கடனைக் கட்டி முடித்தது, நாங்களும்தான். ரொறன்ரோவில் சட்டப்படி செய்யலாம். அனுமதி எடுத்து, மேல் வீட்டுக்கும் பேஸ்மென்டுக்கும் இடையில் தீத்தடுப்பு வைத்து, வெளியேறும் வழி, புகை எச்சரிக்கை எல்லாம் சரியாகப் போட வேண்டும். அதற்கும் செலவு உண்டு, பல மாதமும் பிடிக்கும். ஆகவே முதல் வருடக் கணக்கில் வாடகையைச் சேர்க்காதீர்கள். அனுமதி இல்லாமல், காப்புறுதிக்காரருக்கும் சொல்லாமல் ஆளை இருத்தினால், ஒரு தீ விபத்து வந்த அன்றைக்கு யாரும் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்கள்.

உங்கள் மனைவி சொல்வதும் பிழையில்லை. இருவரும் ஷிப்ட் வேலை, குழந்தை வரப்போகிறது, சனி ஞாயிறு சுத்தியல் பிடிக்க ஆள் இல்லை என்றால் கொண்டோவே நிம்மதி. மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் கட்டடத்தின் சேமிப்பு நிதியையும் பார்த்து வாங்குங்கள். புழுதிக்குள் இரண்டு வருடம் இருக்கப்போவது நீங்கள் மட்டுமில்லை, அவரும்தான்.

ஒரு நல்ல காலம் என்னவென்றால், வீட்டு விலை உச்சத்தில் இருந்த 2022 பெப்ரவரி மாதிரி ஒரு நிபந்தனையும் இல்லாமல் விலை போட வேண்டிய அவசரம் இப்போது இல்லை. வீட்டைப் பரிசோதகர் பார்த்த பிறகுதான் வாங்குவது உறுதி என்று எழுதிக் கொடுங்கள். ஏஜென்ட் முகத்தைச் சுழித்தால் சுழிக்கட்டும். பரிசோதகரை அவர் மூலம் எடுக்காமல் நீங்களே தேடுங்கள். அன்றைக்கே கழிவுக்குழாய் கமராவுக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

அதற்கு முதல் ஒரு பின்னேரம் அந்தத் தெருவில் நடந்து போங்கள். வாசலில் யாராவது முதியவர் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் நின்று கதையுங்கள்.