நடுத்தண்டு வளைவு, மூக்குச் சதை: அறுவை சிகிச்சைக்கு அவசரப்படலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளாக மூக்கடைப்பு இருக்கிறது. ஒரு நாள் வலப்பக்கம் அடைத்தால் மறுநாள் இடப்பக்கம் அடைக்கிறது. இரவில் சொட்டு மருந்து விடாமல் தூங்க முடிவதில்லை. ஸ்கேனில் நடுத்தண்டு வளைந்து, சதை வளர்ந்திருப்பதாகச் சொல்லி அறுவை சிகிச்சைக்கு வரச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், லேசரில் பத்து நிமிடத்தில் முடித்துத் தரும் இடத்துக்கு அழைத்துப் போவதாகக் கூறுகிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். எட்டு வாரம் முறையாக மருந்து எடுத்த பிறகும் அடைப்பு இதே அளவில் நீடித்தால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

நடுத்தண்டு என்று நீங்கள் எழுதிய மூக்கின் நடுச்சுவர் அளவுகோல் வைத்தாற்போல் நேராக அமைந்தவர்கள் குறைவு. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் அறிக்கையில் 'வளைவு' என்ற சொல் இருக்கும். 'சதை' என்று உங்களிடம் சொன்னதும் பெரும்பாலும் எல்லோருக்கும் பிறவியிலேயே பக்கச் சுவரில் உள்ள மடிப்புகளைத்தான் குறிக்கும். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் அந்த மடிப்புகள், தூசி ஒவ்வாமையால் வீங்கும். பஞ்சுத் தூசிக்கு நடுவே வேலை செய்பவருக்கு வீங்குவதில் வியப்பில்லை. உரித்த திராட்சை போல வெளிறித் தொங்கும் பாலிப் என்பது வேறு நோய். இரண்டையும் 'சதை' என்ற ஒரே சொல்லால் நோயாளியிடம் சொல்லி அச்சுறுத்துவது எங்கள் துறையினரின் நெடுநாள் குற்றம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது சொட்டு மருந்துதான். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்றவை ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் உட்சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கத் தொடங்கும். மறுபடியும் சொட்டு விட வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் விட்டவரின் அடைப்பில் வளைவின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று எந்த ஸ்கேனும் பிரித்துக் காட்டாது. இவ்வளவு தீங்கு செய்யக்கூடிய மருந்தைச் சீட்டுக் கேட்காமல் நீட்டும் கடைகளையும், அதைக் கண்டும் காணாமல் இருக்கும் அதிகாரிகளையும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் ஒரு துளையிலும், அது தேறிய பின் மற்றதிலும் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். மருத்துவரிடம் சீட்டு வாங்கி, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு வகையான ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் ஸ்பிரேயைத் தொடங்குங்கள். முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தலையைச் சற்று முன்னே குனிந்து, வலது துளைக்கு இடக் கையாலும் இடது துளைக்கு வலக் கையாலும் பிடித்து, நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாகப் பார்த்து அடிக்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய உப்பு நீரால் அதற்கு முன் மூக்கைக் கழுவுவது நல்லது. இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை என்பதால், ஸ்பிரேயைத் தவறாக அடித்துவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று அறுவை அரங்குக்கு வந்து சேர்பவர்கள் பலர்.

அறுவை சிகிச்சையே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் 203 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்விலும், பிரிட்டனில் 378 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்விலும், நடுச்சுவரைச் சீரமைத்துக்கொண்டவர்கள் அறுவை இல்லாமல் சமாளித்தவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, துளை வழியாகவே செய்வதால் முகத்தில் தழும்பு விழாது. ஆனால் தும்மலும் நீர் வடிவதும் ஒவ்வாமையால் வருபவை. அவை அறுவைக்குப் பிறகும் இருக்கும், ஸ்பிரேயும் தொடரும்.

லேசர் என்ற சொல்லைக் கேட்டு மயங்காதீர்கள். வளைந்த எலும்பை லேசர் நிமிர்த்தாது. வீங்கிய மடிப்புகளைச் சுருக்க மட்டுமே அது பயன்படும். அளவுக்கு மீறி மடிப்புகளை நீக்கிவிட்டால், துளை அகன்று கிடந்தும் மூச்சு போகாதது போன்ற தவிப்பும் வறட்சியும் சிலருக்கு வருகின்றன. வெட்டியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அழைத்துப் போகிறவருக்கு உங்கள் கட்டணத்தில் பங்கு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டால், உங்களுக்குச் செலவில்லாத சிகிச்சை உரிமையாகவே கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் கட்டணம் கிடையாது. 'வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பரிந்துரைச் சீட்டுக்காக மூன்று நாள் கூலியை இழக்க வைத்தால், தொழிலாளி ஏஜென்டின் பின்னால் போகத்தான் செய்வார் என்பதை இஎஸ்ஐ, காப்பீட்டு அலுவலகங்களில் இருப்பவர்கள் எப்போது உணர்வார்களோ தெரியவில்லை.

காத்திருக்கக் கூடாத ஒரு நிலையும் உண்டு. சிவகங்கைப் பக்கம் என்று எழுதியிருப்பதால் அதை விரித்துச் சொல்கிறேன். கண்மாயிலும் ஊருணியிலும் குளித்து வளர்ந்தவர்களுக்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் வருவதுண்டு. தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய இடங்களில் நாங்கள் பார்த்துப் பழகிய நோய் இது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், ஸ்ட்ராபெரிப் பழம் போலச் சிவந்து, மேலே வெண்புள்ளிகளுடன் ஒரு கட்டி வளரும். தொட்டால் ரத்தம் கசியும். இதற்கு ஸ்பிரே உதவாது. கட்டியை அடியோடு நீக்கி, அது முளைத்த இடத்தை மின்சூட்டால் கருக்க வேண்டும். அப்படியும் திரும்ப வரக்கூடும் என்பதால் சில மாதங்கள் டாப்சோன் மாத்திரை கொடுப்பார்கள். சாதாரண பாலிப் என்று எண்ணி அரைகுறையாகப் பிய்த்தெடுத்தால் மீண்டும் முளைக்கும். எடுத்த சதையைக் கட்டாயம் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு அடைப்பு பக்கம் மாறி மாறி வருவதாலும், ரத்தம் வருவதாக நீங்கள் எழுதாததாலும் அந்த ஐயம் குறைவுதான். ஆனாலும் ஸ்பிரேயைத் தொடங்கும் அன்றே, மூக்கினுள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்குக் குழாயை விட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.