நரம்புக்கு வேண்டிய நேரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டால் கை தானாக இழுத்துக்கொள்கிறது. வலி அதற்குப் பிறகுதான் தெரிகிறது. அதுவும் முதலில் சுரீரென்று ஒன்று, சற்றுப் பொறுத்து எரிச்சலாக இன்னொன்று. ஏன் இப்படி?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அவை மூன்றும் தனித்தனி நிகழ்ச்சிகள்.

தோலில் சூட்டையும் வலியையும் உணர்ந்து சொல்லும் நரம்பு இழைகள் இரண்டு வகை. மயலின் என்ற கொழுப்பு உறையை மெல்லிதாகப் போர்த்திய ஏ-டெல்டா இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சேதியைக் கொண்டுபோகும். உறையே இல்லாத சி இழைகளுக்கு நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர்தான். விரல் நுனியிலிருந்து கழுத்துப் பகுதித் தண்டுவடம் வரை 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 18 மீட்டர் ஓடும் இழை அந்தத் தூரத்தை நொடியில் 20இல் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். சி இழைக்கு ஏறக்குறைய ஒரு முழு நொடி பிடிக்கும். சுரீருக்கும் எரிச்சலுக்கும் நடுவில் நீங்கள் உணர்ந்த இடைவெளி இதுதான்.

கை இழுத்துக்கொள்வது மூளையைக் கேட்டு நடப்பதில்லை. சேதி தண்டுவடத்துக்கு வந்ததும் அங்கேயுள்ள இடை நரம்பணுக்கள் கையை மடக்கும் தசையைச் சுருங்கச் செய்கின்றன. அதே கணத்தில் கையை நீட்டும் தசையை அடக்கியும் வைக்கின்றன. இந்த இரண்டாவது வேலை நடக்காவிட்டால் இரு தசைகளும் எதிரெதிராக இழுத்து, கை விறைத்து அங்கேயே நிற்கும். இதை விளக்கிய சார்லஸ் ஷெரிங்டன் 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனாலும் கடைசி அதிகாரம் மூளையிடம்தான். கையில் கொதிக்கும் பாத்திரம், காலடியில் குழந்தை என்றால், கை பொசுங்கினாலும் பாத்திரத்தை நழுவவிடாமல் கீழே வைக்கிறோம் அல்லவா? மேலிருந்து இறங்கும் நரம்புகள் தண்டுவடத்தின் அனிச்சைச் செயலை அமுக்கிவிடுகின்றன.

இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதும் தண்டுவடத்தில் நடக்கும் வேலைதான். தொடு உணர்ச்சியைக் கொண்டுவரும் தடித்த இழைகள் அங்கே வலிச் சேதியின் பலத்தைக் குறைக்கின்றன. மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். தீப்பட்ட தோலை மட்டும் தேய்க்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறதா? எப்போது பயப்பட வேண்டும்?

பதில்: கால் முழுக்க ரத்த ஓட்டம் நிற்பதில்லை. நின்றிருந்தால் கால் வெளிறிச் சில்லிட்டுப் போயிருக்கும். நரம்பு அழுத்தப்படுகிறது; அந்த நரம்புக்கே ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் நசுங்குகின்றன. நரம்பணுவின் சவ்வில் உள்ள பம்பு ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. இதற்கு இடைவிடாமல் ஆற்றல் வேண்டும். அது தடைப்பட்டால் நரம்பு சேதி அனுப்ப முடியாமல் போகிறது. தடித்த இழைகள் முதலில் சோர்ந்துவிடும். அதனால்தான் தொடு உணர்ச்சி முதலில் போகிறது, வலி உணர்ச்சி கடைசி வரை தங்குகிறது.

காலை எடுத்ததும் ஊசி குத்துவதுபோல் இருப்பது மீளும் கட்டம். ரத்தம் திரும்பக் கிடைத்த நரம்பு கொஞ்ச நேரம் நிலைகொள்ளாமல், தூண்டுதல் இல்லாமலே துடிப்புகளை அனுப்புகிறது. சில நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை அந்தக் காலை ஊன்றி எழுந்திருக்காதீர்கள். பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சரியாகத் தெரியாததால் கணுக்கால் பிசகும்.

பயப்பட வேண்டியது உணர்ச்சி திரும்பிய பிறகும் பலம் திரும்பாவிட்டால். முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஒரு எலும்பு முடிச்சு கைக்குத் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கால்மேல் கால் போடுகையில் நசுங்குவது பெரும்பாலும் அதுதான். நீண்ட நேரம் நசுங்கி மயலின் உறை பழுதானால் பாதத்தை மேலே தூக்க முடியாது, நடக்கையில் விரல்கள் தரையில் இழுபடும். உறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்கள் முதல் 3 மாதத்துக்குள் சரியாகிவிடும். எது கெட்டிருக்கிறது என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

பதில்: இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு செலவு செய்யாது. மீதி 90 சதவீதத்தைத் திறந்துவிடுவதாகச் சொல்லிப் பயிற்சி விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்குக் கண்ணாடி வெட்டி மணிக்கட்டில் நரம்பு துண்டாகிவிட்டது. தையல் போட்டு 2 மாதம் ஆகிறது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சியே இல்லை. அறுவை சிகிச்சை தோற்றுவிட்டதா?

பதில்: 2 மாதத்தில் அப்படி முடிவு கட்ட வேண்டாம். தைத்த நரம்பு ஒட்டிக்கொண்டு உடனே வேலை செய்யத் தொடங்குவதில்லை.

வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பால், விரல் பக்கம் இருக்கும் இழைகள் முழுக்க அழிந்துவிடும், எவ்வளவு நன்றாகத் தைத்தாலும். தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து 1850இல் அகஸ்டஸ் வாலர் இதைக் காட்டினார். இழை அழிந்தாலும் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் சாவதில்லை. சிதைந்ததை அப்புறப்படுத்தத் துணைநின்று, பிறகு வரிசையாக நின்று புது இழைக்கு வழி அமைக்கின்றன. மேல் துண்டிலிருந்து முளைக்கும் இழை அந்த வழியில் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ், முடியை விட மெல்லிய நூலால் தைப்பது நரம்பின் வெளி உறையைத்தான். உள்ளே இருக்கும் இழைகளை உடல்தான் வளர்க்க வேண்டும்.

இனி கணக்குப் போடுங்கள். மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வரை சுமார் 18 சென்டிமீட்டர், அதாவது 180 நாள். தையல் இடத்தைத் தாண்டவே முதலில் சில வாரம் போகும். ஆக, நுனிக்கு உணர்ச்சி எட்ட 7 மாதம் ஆகலாம். 2 மாதத்தில் இழைகள் உள்ளங்கையில்தான் இருக்கும்.

எங்கே வரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. விரல் நுனியிலிருந்து தொடங்கி, நரம்பு ஓடும் பாதையில் மணிக்கட்டை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் விரலுக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுர்ரென்றால், வளரும் முனை அங்கே இருக்கிறது. அந்தப் புள்ளியைத் தேதியோடு குறித்துவைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். மாதம் 2 முதல் 3 சென்டிமீட்டர் விரல் பக்கம் நகர்ந்தால் நல்லது. 3, 4 மாதமாகியும் தழும்பிலேயே நின்றால் அறுவை சிகிச்சை செய்தவரிடம் உடனே காட்டுங்கள். தழும்பு வழியை அடைத்திருக்கலாம், இழைகள் அங்கேயே முடிச்சாகச் சுருண்டிருக்கலாம்.

தசைக்குத் தவணை உண்டு. நரம்பு இல்லாமல் 12 முதல் 18 மாதம் கிடந்த தசை, பிறகு இழை வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் எழுந்திருக்காது. தோள்பட்டை அருகே வெட்டுப்பட்டால் விரல்களின் சிறு தசைகள் மீள்வது அரிதாக இருப்பது இதனால்தான். உங்கள் தம்பிக்குத் தூரம் குறைவு. அது நல்ல செய்தி.

உணர்ச்சி திரும்பும்போது முதலில் குழப்பமாக இருக்கும். சில இழைகள் பழைய இடத்துக்குப் போகாமல் பக்கத்து இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். மூளை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சொரசொரப்பான துணி, பஞ்சு, நாணயம், சாவி ஆகியவற்றைக் கண் திறந்து தொட்டுப் பார்த்து, பிறகு கண் மூடித் தொட்டு, மறுபடி திறந்து சரிபார்க்கட்டும். தினம் சில தடவை, ஒவ்வொரு தடவையும் 5, 10 நிமிடம் போதும். அதுவரை அந்த விரல்களால் சூட்டைச் சோதிக்க வேண்டாம். சுட்டாலும் தெரியாது.

கேள்வி: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எரிச்சலும் மதமதப்பும் ஏன் பாதத்திலேயே தொடங்குகின்றன?

பதில்: அங்கே போகும் நரம்பிழைதான் உடலிலேயே நீளமானது. அதன் செல் உடல் இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. இழையோ ஒரு மீட்டர் தாண்டிக் கால் விரலில் முடிகிறது. நுனிக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் மேலே தயாராகி இழைக்குள்ளேயே இறங்கி வர வேண்டும். வேகமாகப் போகும் சரக்குக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர். மெதுவாகப் போவதற்குச் சில மில்லிமீட்டர்தான். ரத்தத்தில் சர்க்கரை கூடி நரம்பின் நுண் ரத்தக்குழாய்களும் ஆற்றல் உற்பத்தியும் கெட்டால், தொலைவில் இருக்கும் நுனிதான் முதலில் வாடும். மதமதப்பு முழங்கால் பக்கம் ஏறும் சமயத்தில் கை விரல் நுனியிலும் தொடங்குவது வழக்கம், இரண்டுக்கும் நரம்பின் நீளம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால்.

எரிச்சலை விட ஆபத்தானது எரிச்சலும் இல்லாத மரப்பு. தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், விரலிடுக்குகளையும். செருப்பு, ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். வருடம் ஒருமுறையாவது 10 கிராம் நைலான் இழை சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இழை வளையும் அளவுக்கு அழுத்தியும் தெரியவில்லை என்றால் புண் வரும் வாய்ப்பு கூடிவிட்டது என்று பொருள்.

மாத்திரை பற்றி இரண்டு சொல்ல வேண்டும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறையும் இதே மதமதப்பைத் தரும். எல்லாவற்றையும் சர்க்கரை மீது போடாமல் பி12 அளவைப் பாருங்கள். அடுத்து, ‘நரம்புச் சத்து’ என்று தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் பி6 எவ்வளவு என்று அட்டையில் படியுங்கள். அளவுக்கு மீறி நீண்ட காலம் சாப்பிட்டால் பி6 தானே உணர்வு நரம்பைக் கெடுக்கும்.

கேள்வி: வலது கை, கால் திடீரென்று விழுந்து பேச்சும் குழறினால் மூளையில் எந்தப் பக்கம் பழுது? வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் இடப்பக்கம். மூளையிலிருந்து தசைகளுக்கு இறங்கும் இழைகளில் பெரும்பகுதி, மூளையின் அடியில் தண்டுவடத்தோடு சேரும் முகுளத்தின் கீழ்ப்பகுதியில் பக்கம் மாறிவிடும். பேச்சுக்கான பகுதியும் பெரும்பாலோருக்கு இடப்பக்கம் இருப்பதால் இரண்டும் சேர்ந்து வருகின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது, அவரைக் கடைசியாக நலமாகப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புவது. மூளையின் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போதே இப்படி இருந்தால், எழுந்த நேரம் அல்ல, படுக்கப்போன நேரம்தான் கணக்கு. தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசையும் பலமிழந்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். 10 நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் பயணத்தைக் கைவிடாதீர்கள். அப்படி வந்து போவது, அடுத்த சில நாளில் பெரிய தாக்குதல் வரலாம் என்பதற்கான எச்சரிக்கை.