அப்பா இறந்துவிட்டார், வீட்டில் வருமானம் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பள்ளிப் படிப்பை முடிக்க முடியுமா?

முடியும். நான் முடித்தேன். ஆனால் வெற்றிக் கதை சொல்ல வரவில்லை. ஒரு வருடம் பின்தங்கி, கணக்கில் தோற்று, மறுபடி எழுதித்தான் தேறினேன்.

அப்பா போனபோது எனக்குப் பதினாறு வயது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்பிய மறுவாரமே ஒரு அச்சகத்தில் ஃபாரம் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பத்து நாள்தான், அவசரக் கடனை அடைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. அப்பாவின் போனை நான்தான் வைத்திருந்தேன். பள்ளியில் அவர் எண்தான் பதிவாகியிருந்தது. தினமும் காலை பத்தரை வாக்கில் சட்டைப்பையில் அது அதிரும்: ‘உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை.’ கையில் மையோடு எடுத்துப் பார்ப்பேன். என்னைப் பற்றி அப்பாவிடம் புகார் சொல்கிறார்கள், அதை நானே படித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் இருபத்து மூன்று நாளானது. படிப்பை விட்டுவிட வேண்டும் என்று நான் எந்த நாளிலும் முடிவெடுக்கவில்லை. முதல் வாரம் காசு தடுத்தது. மூன்றாவது வாரம் தடுத்தது வெட்கம்தான். பாடம் எங்கேயோ போயிருக்கும், ஆசிரியர் காரணம் கேட்பார், பக்கத்தில் உட்காருகிறவன் பாவம் பார்ப்பான். வறுமையால் படிப்பு நின்றது என்று சொல்கிறவர்களில் பலருக்குக் கடைசியாக வாசலை அடைத்தது இந்த வெட்கமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒரு நாள் தாங்க முடியாமல் பள்ளி அலுவலகத்துக்கே போன் செய்தேன். “இந்த எண்ணை எடுத்துவிடுங்கள், இவர் இறந்துவிட்டார்” என்றேன். எழுத்தர் அம்மாவுக்கு அதுவரை விஷயமே தெரியாது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “போன்ல மாத்த முடியாதுப்பா, நாளைக்கு நேர்ல வா” என்றார். போனேன். எண்ணை மாற்ற எழுதிக் கொடுத்த கையோடு வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். போனிலேயே மாற்றியிருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அச்சக முதலாளியிடம் மாலை ஐந்து முதல் ஒன்பது வரை என்று பேசி வாங்கிக்கொண்டேன். சம்பளம் பாதியானது. வீட்டில் அதற்குச் சண்டை நடந்தது, மறைக்கவில்லை. அம்மாவின் பக்கமும் நியாயம் இருந்தது.

‘படித்தால் நல்ல வேலை கிடைக்கும்’ என்று உங்களுக்கும் நிறையப் பேர் சொல்வார்கள். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் டொமினிக்கன் குடியரசில் இதைச் சோதித்துப் பார்த்து, 2010இல் வெளியிட்டார். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று எட்டாம் வகுப்புப் பையன்களிடம் எடுத்துச் சொன்னார்கள். ஓரளவு வசதி இருந்த வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் காலம் படித்தார்கள். மிக ஏழை வீட்டுப் பிள்ளைகளும் சொன்னதை நம்பினார்கள், ஆனால் அவர்களின் படிப்பு நீளவில்லை. புத்தி சொன்னால் மட்டும் அடுப்பு எரியாது. மெக்சிகோ அரசு 1997இல் தொடங்கிய ‘ப்ரோக்ரெசா’ திட்டம் வேறு வழியில் போனது: பிள்ளை தவறாமல் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் பணம். மேல் வகுப்புக்குப் போகப் போகத் தொகை கூடும், ஏனென்றால் வேலைக்குப் போனால் அந்த வயதுப் பிள்ளை கொண்டுவரக்கூடிய கூலியும் கூடுகிறது. உயர்நிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஆரம்பப் பள்ளி முடிந்து அடுத்த படிக்குப் போகிற இடத்தில்தான் அது நன்றாக வேலை செய்தது.

அதனால் உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள். ‘அம்மா இருக்கிறாரே, நமக்கு ஆதரவற்றோர் உதவியெல்லாம் தருவார்களா’ என்று நான் விண்ணப்பிக்கவே இல்லை. பெற்றோரில் ஒருவரை இழந்த, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையையும் யுனிசெஃப் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. இது அன்றைக்குத் தெரியாமல் போனது. உங்கள் பகுதியில் விதி எப்படி என்று வாய்விட்டுக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழை நாலைந்து பிரதி எடுத்துப் பையிலேயே வைத்திருங்கள்.

துக்கம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு ஏழு மாதம் கழித்துத் தேர்வு விண்ணப்பத்தில் ‘தந்தை தொழில்’ என்ற கட்டத்தின் முன்னால் வந்தது. பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அந்த வருடம்தான் கணக்கில் தோற்றதும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா தெரியாது, கணக்கு எனக்கு முன்பும் சரியாக வராது.

எத்தனை நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனையானாலும் நாளைக் காலை முதலில் அலுவலகத்துக்குப் போங்கள், வகுப்புக்கு அப்புறம் போகலாம். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். நீக்கியிருந்தால் மறுபடி சேர என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.