ஆத்ம வஞ்சனை: ஏமாந்தது யார்?

கேள்வி: 'பொய்க் கணக்கு எழுதிக் கூட்டாளியை ஏமாற்றிய அவர் செய்தது ஆத்ம வஞ்சனை' என்று என் சிறுகதையில் எழுதியிருந்தேன். படித்த நண்பர், அந்தச் சொல் அங்கே பொருந்தாது என்கிறார். ஆத்மாவுக்குச் செய்யும் துரோகம்தானே ஆத்ம வஞ்சனை? அதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: நண்பர் சொன்னது சரிதான். உங்கள் வாக்கியத்தில் ஏமாந்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். கூட்டாளி. அப்படியென்றால் அது வெறும் வஞ்சனை, இல்லாவிட்டால் மோசடி. ஏமாற்றுகிறவரும் ஏமாறுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் ஆத்ம வஞ்சனை.

குழப்பத்துக்குக் காரணம் 'ஆத்ம' என்ற முன்பாதி. அதைக் கேட்டதும் நமக்கு உயிர், மறுபிறவி எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது, ஆனால் வடமொழியில் ஆத்மன் என்பதற்குத் 'தான்' என்றும் பொருள் உண்டு, இங்கே வருவது அந்தத் 'தான்'தான். தமிழிலேயே சொல்ல நினைத்தால் தன்வஞ்சனை என்று எழுதலாம். தற்கொலை, தற்பெருமை மாதிரி இங்கே 'தன்' திரியாது, பின்னால் வகரம் வருவதால் தன்வினை, தன்வரலாறு போல அப்படியே நிற்கும்.

சரி, பொருளுக்கு வருவோம். வழக்கில் இது இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, மனசாட்சிக்கு விரோதமாக நடப்பது. பிடிக்காத ஒருவரை மேடையில் வாயாரப் புகழ்ந்துவிட்டு இறங்கி வந்தவர், 'இன்னிக்கு நான் செஞ்சது ஆத்ம வஞ்சனை' என்று சொல்வார். அவருக்குத் தான் பொய் சொன்னது நன்றாகத் தெரியும், அதனால்தான் உறுத்துகிறது. 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' என்று தொடங்கும் 293ஆம் குறள், அப்படிப் பொய்த்தால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறதே, அந்தச் சூடு.

இன்னொன்று, சுடவே சுடாத நிலை. வரவைத் தாண்டிச் செலவு செய்துகொண்டே 'அடுத்த மாசம் சரியாயிடும்' என்று மாதாமாதம் சொல்லிக்கொள்கிறவர் அதை நம்பவும் செய்கிறார். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைத்த கதை. என்னைக் கேட்டால் கதை எழுதுகிறவருக்கு இந்த இரண்டாவதுதான் தீனி, ஏனென்றால் பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிகிறது. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்ற நரியும் இந்தக் கூட்டம்தான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரை இங்கே சேர்க்காதீர்கள், அவர் மறைப்பது அடுத்தவரிடமிருந்து. மனப்பால் குடிப்பதும் வேறு, அது வெறும் ஆசை, உண்மை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம்கூட அதில் இல்லை.

அப்புறம் வினையாக எழுதும்போது இரண்டு இடங்களில் கால் வழுக்கும். 'நான் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டேன்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், தப்பு. 'தன்னை' படர்க்கைக்கு மட்டும். நான் என்றால் 'என்னை நானே', நீங்கள் என்றால் 'உங்களை நீங்களே'. அடுத்தது 'கொள்'. 'ஏமாற்றிக்கொள்கிறான்' என்றால் செயல் அவன் மேலேயே திரும்புகிறது. அதையே 'ஏமாற்றிக்கொண்டிருக்கிறான்' என்று நீட்டினால், அங்கே 'கொண்டிரு' வெறும் தொடர்ச்சியைக் காட்டுவதாகவும் ஆகிவிடும், ஊரையே ஏமாற்றுகிறான் என்றுகூடப் படிக்கலாம். அந்த இடத்தில் 'தன்னைத்தானே' கட்டாயம் வேண்டும்.

உங்கள் வாக்கியத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கணக்கை மாற்றி எழுதியவர் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, 'நான் திருடலை, என் உழைப்புக்கு உண்டானதைத்தான் எடுத்தேன்' என்று முணுமுணுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போகிறார் என்று ஒரு வரி சேருங்கள். ஆத்ம வஞ்சனை அந்த வரியில் இருக்கிறது. பிறகு அந்தச் சொல்லை நீங்கள் எழுதவே தேவைப்படாமல்கூடப் போகலாம்.