பேஸ் எங்கே போனது? யூஎஸ்பி ஆடியோ கன்வெர்ட்டர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: லேப்டாப்பில் ஹெட்போனைச் செருகினால் பாட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ‘கிர்’ சத்தம். யூஎஸ்பியில் வரும் டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கேற்ற ஒலியாக மாற்றும் யூஎஸ்பி ஆடியோ கன்வெர்ட்டர் ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? புரோகிராம் எழுதத் தெரியாது, சால்டரிங் ஓரளவு வரும்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்2704 என்ற ஐசியில் தொடங்குங்கள். ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் ஹெட்போன், நடுவில் வேண்டியதில் பெரும்பகுதி அந்த 28 காலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்கிற பொது விதிப்படி நடக்கிற ஐசி என்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் டிரைவர் கேட்காமலே இதை ஏற்றுக்கொள்ளும்.

உண்மையான கஷ்டம் கால்களில்தான். ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையம் வரை 0.65 மில்லிமீட்டர்தான். முதலில் எதிரெதிர் மூலையில் இரண்டு காலை மட்டும் ஒட்டி, ஐசி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளக்ஸை (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) வஞ்சனையில்லாமல் தடவி, அப்புறம் மற்றவற்றை முடியுங்கள். பக்கத்துக் கால் சேர்த்து ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம், ஈயத்தை உறிஞ்சும் செம்பு வலைப் பட்டையை மேலே வைத்துச் சூடு காட்டினால் போய்விடும். செருகுவதற்கு முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தே ஆக வேண்டும். முதல் தடவை லேப்டாப்பில் நேராகச் செருகாமல், போனால் போகட்டும் என்கிற ஒரு பழைய ஹப் வழியாகச் செருகுங்கள்.

கேள்வி: செய்து முடித்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் அருமையாக இருக்கிறது, ஆனால் அதே போர்டில் ஹெட்போனைப் போட்டால் பேஸ் (தாழ்ந்த ஒலி) துளிகூட இல்லை, டெலிபோனில் பாட்டு கேட்கிற மாதிரி இருக்கிறது. ஐசி போய்விட்டதா?

பதில்: ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. வெளியேறும் பாதையில் நீங்கள் போட்டிருப்பது 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டராக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

இந்த ஐசியின் வெளியீட்டில் பாட்டோடு சேர்ந்து ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலே ஒரு டிசி மின்னழுத்தமும் நின்றுகொண்டே இருக்கும். அது ஹெட்போனுக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் நடுவில் கெப்பாசிட்டர். ஆனால் அது டிசியோடு நிற்காமல் தாழ்ந்த ஸ்வரங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும், எதுவரை என்பதை எதிர்ப்பக்கம் இருக்கிற கருவியின் மின்தடை, அதாவது ஓம்தான் முடிவு செய்கிறது. சுலபக் கணக்கு ஒன்று: 1,59,000-ஐ ஓமால் வகுத்து, வந்ததை மைக்ரோஃபாரடால் வகுங்கள், அந்த எல்லை ஹெர்ட்ஸில் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு 10,000 ஓம் என்றால் 1.6 ஹெர்ட்ஸ்தான் வருகிறது, காதுக்குத் தெரியவே தெரியாது. 32 ஓம் ஹெட்போன் என்றால் கிட்டத்தட்ட 500 ஹெர்ட்ஸ்! அதற்குக் கீழே இருப்பதெல்லாம் இறங்கிக்கொண்டே போகும், மேளம், பேஸ் கிட்டார் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 220 மைக்ரோஃபாரட் மாற்றுங்கள், 23 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும். பிளஸ் கால் ஐசி பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: போர்டில் டைப்-சி சாக்கெட் வைத்தேன். பழைய யூஎஸ்பி-ஏ வயரில் வேலை செய்கிறது, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரில் உயிரே இல்லை.

பதில்: 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை விட்டுவிட்டீர்கள். டைப்-சி சாக்கெட்டின் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக ஒவ்வொன்று போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் எதிர்ப்பக்கம் 5 வோல்ட்டையே திறந்துவிடும். ஒரே ரெசிஸ்டரில் இரண்டையும் சேர்த்துக் கட்டி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், சில வயர்களில் காலை வாரிவிடும்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரைப் போட்டால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். சார்ஜரைப் பிடுங்கினாலும் மெலிதாக ‘கீ’ என்று ஒன்று கேட்கிறது. பெரிய கெப்பாசிட்டராகப் போட்டால் சரியாகுமா?

பதில்: இவை இரண்டு வேறு வேறு வியாதி.

‘கீ’ சத்தம் யூஎஸ்பியிலிருந்தே வருவது. இந்த ஐசிக்குக் கணினி ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒரு பொட்டலம் தரவு அனுப்புகிறது, அதாவது செகண்டுக்கு ஆயிரம் தடவை, அந்தத் துடிப்பு 5 வோல்ட் கம்பியில் கலந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் சத்தமாகக் காதில் விழும். 5 வோல்ட் நுழைகிற இடத்தில் ஒரு ஃபெரைட் மணியும் (இரைச்சலைத் தடுக்கும் சின்ன பாகம்), ஐசியின் பவர் கால்களை ஒட்டியே சின்னச் சின்ன செராமிக் கெப்பாசிட்டரும் போட்டால் பெரும்பாலும் அடங்கும். பெரிய கெப்பாசிட்டர் ஆசை எனக்கும் இருந்தது. ஒருமுறை 1000 மைக்ரோஃபாரடை அந்தக் கம்பியில் வைத்துச் செருகினேன், கெப்பாசிட்டர் ஒரேயடியாக மின்சாரத்தை இழுத்ததில் கணினி அந்த யூஎஸ்பி போர்ட்டையே அணைத்துவிட்டது. செருகுகிற நேரத்தில் 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் தெரியக் கூடாது என்று யூஎஸ்பி விதியே இருக்கிறது என்பதை அப்புறம்தான் படித்தேன்.

‘ம்ம்ம்’ கிரவுண்ட் லூப். சார்ஜரின் எர்த், ஆம்ப்ளிஃபயரின் எர்த், நடுவில் உங்கள் ஆடியோ வயர், மூன்றும் சேர்ந்து ஒரு வளையம், அதில் சுற்றுகிற கரன்ட்தான் முனகலாகக் கேட்கிறது. எர்த் பின்னை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. அனலாக் டிவைசஸின் ஏடியூஎம்4160 போன்ற யூஎஸ்பி ஐசொலேட்டரை (இரண்டு பக்கத்தையும் மின் தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசி) நடுவில் வைக்கலாம், ஆனால் அதற்கு அந்தப் பக்கம் தனியாகப் பிரித்த 5 வோல்ட்டும் வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் இன்னும் சுலபம். பிசிஎம்2704-இல் எஸ்பிடிஐஎஃப் என்கிற டிஜிட்டல் ஆடியோ வெளியீடு இருக்கிறது, அதில் ஒரு ஆப்டிகல் டிரான்ஸ்மிட்டரை மாட்டிவிட்டால் வெளிச்சம்தான் போகும், கரன்ட் போகாது, வளையமும் அறுந்தது.

கேள்வி: இந்த ஐசியில் ஒலியின் துல்லியம் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தானா? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வேண்டாமா?

பதில்: சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். முதல் போர்டுக்கு இது போதும். முந்தைய கேள்வியில் வந்த முனகல் இருக்கிறவரை 24 பிட் போட்டாலும் அந்த முனகலைத்தான் துல்லியமாகக் கேட்பீர்கள்.