பொதுச் சாவி என்றால் சாவி எல்லோருக்கும் தெரியுமே, பிறகு மொபைல் டேட்டாவில் என் வங்கிக் கணக்கு எப்படிப் பத்திரமாக இருக்கும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: ரயிலில் போகும்போது மொபைல் டேட்டாவில் வங்கி ஆப்பைத் திறக்கிறீர்கள், "பொதுச் சாவி முறையில் பாதுகாக்கப்படுகிறது" என்று எங்கோ படித்தீர்கள், சாவியே பொதுவில் கிடந்தால் பூட்டு எதற்கு என்ற சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம்தான். பல வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே இடத்தில்தான் முட்டியது.

குழப்பத்துக்குக் காரணம் 'சாவி' என்ற சொல். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். காசு போடும் வாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, எடுக்கும் சாவி மட்டும் ஒருவரிடம். பொதுச் சாவி என்பது அந்த வாய். அதை ஊருக்கே காட்டலாம், அதை வைத்து உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. எடுப்பதற்கான தனிச் சாவி வங்கியின் சர்வரை விட்டு வெளியே வருவதே இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் சிம் கார்டுக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது, அதே எண் உங்கள் மொபைல் நிறுவனத்திடமும் இருக்கிறது. சிம் கைக்கு வரும்போதே சாவியும் கூடவே வந்துவிட்டது. போனுக்கும் டவர் பக்கத்துக்கும் இடையே காற்றில் போவதை மறைப்பது அதுதான், அங்கே பொதுச் சாவி கிடையாது. அந்தக் காவல் மொபைல் நிறுவனத்தின் வாசலோடு முடிந்துவிடும், வங்கிவரை வராது. பழைய 2ஜியில் அதுவும் ஓட்டைதான்: டவர் போனைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது. போலி டவர் வைத்து ஆட்களைக் கண்காணிக்க முடிந்தது அதனால்தான். 3ஜியிலிருந்து போனும் நெட்வொர்க்கைச் சோதிக்கிறது. 5ஜியில்தான் சிம்மின் அடையாள எண்ணையே நிறுவனத்தின் பொதுச் சாவியால் மறைத்து அனுப்பும் வசதி தரத்துக்குள் வந்தது.

வங்கி உங்களிடம் எந்தச் சாவியையும் கையில் தரவில்லை. முன்பின் பேசாத இரண்டு பேர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் லைனில் பேசியே ஒரு ரகசியத்தை எப்படி உண்டாக்குவது? 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வழி சொன்னார்கள். பிரிட்டனின் ஜிசிஹெச்க்யூ உளவு அமைப்பில் மால்கம் வில்லியம்சன் அதை 1974-லேயே கண்டுபிடித்திருந்தார், அது 1997 வரை வெளியே வரவில்லை.

அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது, நீங்களும் போட்டுப் பாருங்கள். 3, 17 என்ற இரண்டு எண்கள் ஊருக்கே தெரியும். உங்கள் போன் மனதுக்குள் 6 என்று வைத்துக்கொள்கிறது. 3-ஐ ஆறு தடவை பெருக்கினால் 729, அதை 17-ஆல் வகுத்தால் மீதி 15. அந்த 15-ஐ மட்டும் அனுப்புகிறது. வங்கி 7 என்று வைத்துக்கொள்கிறது. 3-ஐ ஏழு தடவை பெருக்கினால் 2187, மீதி 11. அதை அனுப்புகிறது. இப்போது போன், வந்த 11-ஐத் தன் ரகசியப்படி ஆறு தடவை பெருக்குகிறது: 17,71,561. மீதி 8. வங்கி, வந்த 15-ஐ ஏழு தடவை பெருக்குகிறது: 17,08,59,375. மீதி அதே 8! லைனில் போனது 15-உம் 11-உம்தான், 8 எங்கேயும் போகவில்லை. அதையே சாவியாக வைத்து மீதிப் பேச்செல்லாம் பூட்டப்படுகிறது. சின்ன எண் என்பதால் இதை நீங்களே உடைத்துவிடலாம். நிஜத்தில் நீள்வட்ட வளைகோடு என்ற வேறு கணக்கில், 77 இலக்க எண்களோடு நடக்கிறது. உங்கள் ஆப்பும் வங்கி சர்வரும் மறைத்துப் பேசும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். 2018-இல் வந்த அதன் 1.3 பதிப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் இந்த ரகசிய எண் புதிதாக எடுக்கப்படுகிறது. அதனால் நாளைக்கே வங்கியின் தனிச் சாவி திருடு போனாலும், இன்றைக்குப் பதிவு செய்து வைத்த பேச்சைத் திறக்க முடியாது.

சரி, கணக்கு பலமானது. ஆனால் அந்த 11-ஐ அனுப்பியது வங்கிதான் என்று போனுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒருவன் உட்கார்ந்து, உங்களிடம் வங்கியாகவும் வங்கியிடம் நீங்களாகவும் பேசினால் கணக்கு அவனுக்கும் சரியாகவே வரும். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. வங்கி அந்த 11-உடன் தன் தனிச் சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது, போன் அதை வங்கியின் பொதுச் சாவியால் சரிபார்க்கிறது. அந்தப் பொதுச் சாவி வங்கியுடையதுதானா? சான்றிதழ் இதற்குத்தான். 'இந்தப் பொதுச் சாவி இந்த வங்கியுடையதுதான்' என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் கையெழுத்துப் போடுகிறது. நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிறது.

அந்தக் கையெழுத்து தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2011-இல் நெதர்லாந்தின் டிஜினோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் மக்களின் ஜிமெயிலை உளவு பார்க்க அது பயன்பட்டது, நிறுவனம் அதே வருடம் திவாலானது. நம் நாட்டிலும் நடந்தது: மத்திய அரசின் தேசியத் தகவல் மையமான என்ஐசி வழியாகக் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதை 2014 ஜூலையில் கூகுள் கண்டுபிடித்தது. இப்போது சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும், 2018-இலிருந்து குரோம் இதைக் கேட்கிறது. அதனால் திருட்டுத்தனமாக ஒன்றை எடுத்து ஒளித்து வைப்பது முன்பு போல் எளிதல்ல.

ஒருநாள் அப்பா ஊரிலிருந்து கூப்பிட்டு, "எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்பா எச்சரிக்கை வருதுப்பா, கீழே 'தொடரலாம்'னு ஒண்ணு இருக்கு, அழுத்திடவா?" என்றார். அழுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனில் என்ன தேதி காட்டுகிறது என்று கேட்டேன். 2015 ஜனவரி 1. சார்ஜ் இல்லாமல் சில நாள் கிடந்த பழைய போன், தேதியைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியும் அணைந்திருந்தது. அந்தப் போனின் கணக்கில் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியை மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்பா கேட்டது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இங்கே காரணம் தேதி, ஆனால் யாரோ நடுவில் உட்கார்ந்திருந்தாலும் வருவது அதே சிவப்புத் திரைதான். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் வங்கி, மெயில், பாஸ்வேர்ட் கேட்கும் எந்தப் பக்கத்திலும் அந்தத் 'தொடரலாம்' வேண்டவே வேண்டாம்.

அப்புறம், போனின் அந்த நம்பிக்கைப் பட்டியலில் நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். 2019 ஜூலையில் கஜகஸ்தானில் மொபைல் வாடிக்கையாளர்களிடம் அரசின் சான்றிதழ் ஒன்றைப் போனில் நிறுவச் சொன்னார்கள். நிறுவியிருந்தால் அவர்களின் மறைக்கப்பட்ட பேச்சை நடுவிலேயே திறந்து படித்திருக்கலாம், எச்சரிக்கையே வந்திருக்காது. கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் ஆகஸ்டில் அந்தச் சான்றிதழைத் தங்கள் பிரவுசர்களில் தடுத்துவிட்டன.

ஆண்ட்ராய்டு என்றால் இப்போதே பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸின் தேடலில் 'ட்ரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்' என்று தேடினால் இரண்டு பகுதிகள் வரும். 'சிஸ்டம்' பகுதியில் நீளமான பட்டியல் இருக்கும், அது போனோடு வந்தது, தொட வேண்டாம். 'யூசர்' பகுதி உங்கள் சொந்தப் போனில் காலியாக இருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த போனில் அவர்களுடைய சான்றிதழ் இருக்கலாம், அது அவர்கள் போட்டது. மற்றபடி ஏதாவது இருந்து, அதைப் போட்ட நினைவு உங்களுக்கு இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். என் சித்தி மகன் போனில் ஒன்று இருந்தது. விளம்பரத்தைத் தடுக்கிறேன் என்று சொன்ன ஏதோ ஒரு ஆப் போட்டது, அந்த ஆப்பை அவன் நீக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது.