காதில் விழும் கலங்கல்

கேள்வி: பாம்பனுக்கு வடக்கே கரையோரத்தில் மூன்று கால் இரும்புச் சட்டம் ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். சத்தம் அனுப்பிக் கலங்கலை அளக்கிறதாம். ஒரு வாளி தண்ணீர் மொண்டு பார்த்தால் தெரியாதா? அந்தச் சத்தத்துக்கு மீன் கலையாதா?
– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

பதில்: வாளி விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். மண்டபத்தில் ஆய்வுப் படகில் உதவியாளராக இருந்த காலத்தில் தண்ணீர் மொள்வதுதான் என் வேலை. வாடைக்காற்று நாளில் வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீர் பால் குறைந்த டீ மாதிரி இருக்கும். அதை வடிதாளில் ஊற்றி, தாளைக் காயவைத்து எடை போடுவோம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு வந்துவிடும். ஆனால் அது அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு மட்டும்தான். நள்ளிரவில் காற்று ஏறும்போது யார் போய் மொள்வது?

சட்டத்தில் இருக்கும் கருவி உங்கள் போட்டில் ஆழம் பார்க்கும் எக்கோவுக்குத் தம்பி. சின்னச் சின்னத் துடிப்பாகச் சத்தம் விடும். மிதக்கும் மண் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். கடலில் சத்தம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுவதால், 3 மீட்டர் தள்ளியிருக்கும் கலங்கல் 4 மில்லிநொடியில் பதில் சொல்லிவிடும். பதில் வந்த நேரத்தை வைத்துத் தூரமும், அதன் பலத்தை வைத்துக் கலங்கலின் அளவும் தெரியும்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். ரவை மாதிரி மணலும் மைதா மாதிரி சேறும் ஒரே எடையில் மிதந்தாலும், ரவைதான் பலமாக எதிரொலிக்கும். கொஞ்சம் மணலா, நிறையச் சேறா என்று ஒரே அலைவரிசையில் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இரண்டு மூன்று அலைவரிசையில் கேட்பார்கள். அலை உடையும் நாளில் காற்றுக்குமிழியும் சேர்ந்து குழப்பும். ஒருநாள் திரையில் மேல்தண்ணீர் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. சரியான கலங்கல் என்று நினைத்து மொண்டால், பாட்டிலில் பளிங்குத் தண்ணீர்! அவ்வளவும் குமிழி. ஆக, வாளிக்கு இன்னும் வேலை போகவில்லை.

மீன் கலையாது. இந்த வேலைக்கு வைப்பது பெரும்பாலும் நொடிக்கு 10 லட்சம் அதிர்வை ஒட்டிய சத்தம். நம் காது 20,000-த்தோடு சரி. ஓங்கலுக்கே (டால்பின்) ஒன்றரை லட்சத்துக்கு மேல் கேட்பது கஷ்டம். ஆவுளியாவுக்கு (கடல்பசு) அதைவிடக் குறைவு. அப்புறம், இவ்வளவு கூர்மையான சத்தத்தைத் தண்ணீரே சீக்கிரம் குடித்துவிடும், தூரம் போகாது.

ஒன்று மட்டும்: மேலே மிதவை தெரிந்தால் அந்தப் பக்கம் வலை இழுக்க வேண்டாம். சட்டம் சாய்ந்தால் அது தரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும். உங்கள் வலையும் கிழியும்.